இறக்கை சேரும் இடம்

1907 டிசம்பர் 23 அன்று அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவு, தனக்கு ஒரு பறக்கும் எந்திரம் வேண்டும் என்று விவரக்குறிப்பு ஒன்றை வெளியிட்டது. அதன் எண் 486. இரண்டு பேரைச் சுமக்க வேண்டும், மணிக்கு 40 மைல் வேகம் வேண்டும் என்ற நிபந்தனைகளை விமான வரலாறு எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். அதே தாளில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. எந்திரத்தைச் சுலபமாகப் பிரித்து ராணுவ வண்டிகளில் ஏற்ற முடிய வேண்டும். இறக்கிய இடத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் பூட்டிப் பறக்கத் தயாராக்கிவிட வேண்டும். ரைட் சகோதரர்களின் எந்திரத்தை விட்டால் நம்பிச் சொல்லும்படியான விமானம் அந்த நாட்டில் வேறு இல்லாத காலம் அது. அப்போதே வாங்க வந்தவர், அது எப்படிப் பறக்கும் என்பதோடு எப்படி மூட்டை கட்டப்படும் என்றும் கேட்டுவிட்டார். 1912-ல் பிரிட்டிஷ் ராணுவம் சாலிஸ்பரி சமவெளியின் லார்க்ஹில்லில் நடத்திய விமானப் போட்டியிலும் எந்திரங்கள் பெட்டிகளில் வந்திறங்கின. பூட்டி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பதும் அங்கே தேர்வின் ஒரு பகுதி.

ஏரோமாடலிங் உலகத்தில் இதே கேள்வி நூறாண்டுக்கு மேலாக உலவுகிறது. மூன்று மீட்டர் அகல இறக்கையுள்ள மாதிரி விமானத்தை முழுசாக வீட்டு வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவர முடியாது. சாதாரணக் காரில் ஏற்றவும் முடியாது. ஆகவே இறக்கைகளைத் தனியே எடுத்துப்போய் மைதானத்தில் மாட்டுகிறார்கள். கழற்றி மாட்டும் இறக்கைக்குக் காரணம் போக்குவரத்துதான் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த விளக்கம் பாதிதான் சரி என்று நினைக்கிறேன். மாதிரி விமானத்தின் இறக்கை கழன்று வர வேண்டிய காரணம் இரண்டு முறை மாறியிருக்கிறது. முதலில் அதை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருந்தது. பிறகு, விழும்போது அது தானாகத் தெறித்துப் போக வேண்டியிருந்தது. காரில் ஏற்றுவது கடைசியில் வந்து தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்ட காரணம். ஒவ்வொரு காரணமும் தனக்கென ஒரு பூட்டு முறையை உண்டாக்கியது. காரணம் மறைந்த பிறகும் பூட்டு தங்கிவிட்டது. இன்றைய பெரிய மாதிரிகளில் இறக்கை சேரும் இடத்தைப் பற்றி நடக்கும் விவாதங்களில் பெரும்பாலானவை, இந்த மூன்று பழைய தேவைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் எழுபவை.

தொடக்கத்தைப் பாரீஸில் வைக்கலாம். 1871 ஆகஸ்ட் 18 அன்று அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர், துயிலரி பூங்காவில் முறுக்கிய ரப்பரால் ஓடும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடி நிலையாகப் பறந்தது. ஒரு குச்சி, அதன் மேல் இறக்கை, பின்னால் வால்: குச்சி விமானம் எனும் வகையின் மூதாதை அதுதான். பிந்தைய பல பத்தாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுவர்களும் பெரியவர்களும் செய்த ஆயிரக்கணக்கான குச்சி மாதிரிகளில், இறக்கையைக் குச்சியோடு ஒட்டவில்லை. கம்பிக் கவ்வியாலோ ரப்பர் பேண்டாலோ கட்டினார்கள். அப்போது யாரிடமும் ஓட்டுவதற்கு ரேடியோ கிடையாது. பறக்கும் விமானத்தைத் திருத்த வழியில்லாததால் திருத்தம் எல்லாம் தரையிலேயே நடந்தாக வேண்டும். மூக்கு தொங்கினால் இறக்கையை அரை அங்குலம் முன்னே தள்ளு, மூக்கு தூக்கினால் பின்னே இழு, மறுபடி வீசிப் பார். இறக்கை நகர்வதே அந்த விமானத்தின் முக்கியக் கட்டுப்பாட்டுக் கருவி. அரையடி இறக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவதில் யாருக்கும் சிரமமில்லை. போக்குவரத்து இங்கே பேச்சிலேயே வரவில்லை.

அடுத்த காரணத்தை விழுதல் கொண்டுவந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஃபிலடெல்பியாவில் வில்லியம் பிரவுன் என்ற இளைஞர் செய்த சிறிய பெட்ரோல் எஞ்சினும், அதைப் பூட்டி மேக்ஸ்வெல் பாசெட் பறக்கவிட்ட மாதிரிகளும் ரப்பர் விமானங்களைப் போட்டிகளில் வீழ்த்தின. எஞ்சின் வந்ததும் எடையும் வேகமும் கூடின. ஆனால் கட்டுப்பாடு இன்னும் இல்லை. விட்ட விமானம் எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. மரத்தில் மோதும், வேலியில் சொருகும், சாலையோரக் கம்பத்தில் இடிக்கும். பால்சா மரச் சட்டத்தில் காகிதம் போர்த்திய இறக்கை உடலோடு இறுக்கமாகப் பிணைந்திருந்தால், முனையில் படும் ஒரு சின்ன அடி கூட உடலைப் பிளந்துவிடும். ரப்பர் பேண்டால் கட்டியிருந்தால் இறக்கை திரும்பும், நழுவும், கடைசியில் கழன்று புல்லில் விழும். எடுத்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். உடலின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்குச்சிகளில் பேண்டுகளை மாட்டி, இறக்கைக்கு மேலே நேராகச் சில, கடைசியில் குறுக்காக இரண்டு என்று போடும் வழக்கம் இங்கே நிலைபெற்றது. ரேடியோ வந்த பிறகும் பயிற்சி விமானங்களில் பல பத்தாண்டுகள் அது தொடர்ந்தது. அமெரிக்க ஏரோமாடலிங்காரர்களுக்கு 64-ஆம் எண் ரப்பர் பேண்ட் பெட்ரோலைப் போலவே தவிர்க்க முடியாத சரக்கு. இடையில் ஒரு சின்னத் தகவல்: பிற்கால எஞ்சின்கள் மெத்தனாலோடு ஆமணக்கு எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடின, எரியாமல் புகையோடு வெளியேறும் எண்ணெய் பேண்டுகளில் படிந்து ரப்பரை ஊறவைத்துக் கெடுத்தது. நல்ல பேண்டுகளைப் பவுடர் போட்டு டப்பாவில் வைப்பதும், ஊறியதைத் தூக்கி எறிவதும் அந்தக் கலையின் ஒழுக்கங்களாயின.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். ரப்பர் பேண்ட் மலிவானது, எங்கும் கிடைத்தது, அதனால் பயன்படுத்தினார்கள். விழும்போது கழல வேண்டும் என்ற தத்துவமெல்லாம் பின்னால் ஒட்டவைத்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். மலிவு ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மலிவு மட்டும் காரணமென்றால், பேண்டை விட்டு விலகியவர்கள் கழலும் தன்மையையும் விட்டு விலகியிருக்க வேண்டும். அவர்கள் விலகவில்லை. ரேடியோ விமானங்களில் இறக்கை உடலின் அடியில் வந்த வடிவங்கள் பரவியபோது, மேலே பேண்ட் போடுவது அசிங்கமாகவும் காற்றைத் தடுப்பதாகவும் இருந்தது. அப்போது வந்த மாற்று முறை இது: இறக்கையின் முன் விளிம்பில் நீட்டிய மரமுளை உடலின் குறுக்குப் பலகையிலுள்ள துளைக்குள் நுழையும், பின் விளிம்பை இரண்டு போல்ட்டுகள் இறுக்கும். அந்தப் போல்ட்டுகள் நைலான். எஃகு போல்ட் கடையில் இல்லாமலா நைலானைத் தேர்ந்தெடுத்தார்கள்? மோதலின்போது மரம் கிழிவதற்கு முன்னால் போல்ட் அறுந்து போகட்டும் என்பதே கணக்கு. பேண்ட் செய்துவந்த வேலையை அதைவிட அழகாகச் செய்யும் பொருளைத் தேடிப்பிடித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே பலவீனமான உறுப்பை வைக்கும் அந்த எண்ணம் பொருள் மாறியும் உயிரோடிருந்தது.

போக்குவரத்து தனிக் காரணமாக முதலில் முகம் காட்டிய இடம் வேக்ஃபீல்டு கோப்பை. லார்டு வேக்ஃபீல்டு 1911-லும் பிறகு 1928-லும் கொடுத்த கோப்பைகளால் பெயர் பெற்ற அந்தப் போட்டி, ரப்பரால் ஓடும் மாதிரிகளின் உலகப் போட்டியாக வளர்ந்தது. தொலைதூர நாட்டுக்காரர்களுக்குப் பயணச் செலவு கட்டுப்படியாகாது. நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து விமானத்தை மட்டும் பெட்டியில் கப்பலேற்றி அனுப்பினார்கள். போட்டி நடக்கும் ஊரிலுள்ள யாரோ ஒருவர் அதைப் பிரித்துப் பூட்டி, செய்தவரின் பெயரில் பறக்கவிட்டார். பூட்டு முறைக்கு இது புதுச் சோதனை. செய்தவரே பூட்டினால் தன் கை வளம் தெரியும். எங்கே கொஞ்சம் தள்ள வேண்டும், எங்கே ஒரு காகிதத் துண்டு சொருக வேண்டும் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் பூட்டுவதென்றால், மாட்டும் இடம் ஒரே விதத்தில்தான் மாட்ட முடியும்படி இருந்தாக வேண்டும். இறக்கையின் ஒரு பாதியில் நீட்டிய நாக்கும் எதிர்ப்பக்கம் அதை ஏற்கும் கூடும் வைத்து, கோணம் மாறாமல் உட்காரும்படி செய்த இணைப்புகளுக்கு இந்தச் சூழலில் மதிப்புக் கூடியது. நகர்த்துவதற்காக வந்த இறக்கை, நகரக் கூடாததாக மாறியது இங்கேதான். முதல் காரணமும் மூன்றாவது காரணமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன, மூன்றாவது ஜெயித்தது.

அளவு பெரிதான கதை நேர்கோட்டில் போகவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூவைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-ல் ரேடியோவால் ஓட்டிய ‘கஃப்’ விமானத்தின் இறக்கை 8 அடி. அடுத்த ஆண்டு டெட்ராய்ட்டில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில் அது ஜெயித்தது; இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிதாகச் செய்ததற்கு ஆடம்பரம் காரணமல்ல. வால்வு ரேடியோவும் அதற்கான பேட்டரிகளும் கனமானவை. அவற்றைத் தூக்க அந்த அளவு இறக்கை தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ சுருங்கியதும் விமானங்களும் சுருங்கின. 1960-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த முதல் உலக ரேடியோ சாகசப் போட்டியில் அமெரிக்கர் எட் கஸ்மிர்ஸ்கி வென்ற காலத்து விமானங்கள் ஒற்றைத் துண்டு இறக்கையோடு காரின் பின்னிருக்கையில் ஏறக்கூடியவை. மறுபடி பெரிதானது 1970-களில். மரம் அறுக்கும் செயின்சா எஞ்சின்களின் இனத்தைச் சேர்ந்த பெட்ரோல் எஞ்சின்கள் மாதிரி விமானத்துக்குள் நுழைந்தன. எரிபொருள் மலிவு, சக்தி அதிகம், எடையும் அதிகம். 1980-ல் அமெரிக்காவில் உருவான சர்வதேச மினியேச்சர் ஏர்கிராஃப்ட் சங்கம் ‘பெரிய விமானம்’ என்பதற்கு எல்லை வகுத்தது: ஒற்றை இறக்கை விமானமென்றால் குறைந்தது 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கையென்றால் 60 அங்குலம். 80 அங்குலம் என்றால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். ஒற்றைத் துண்டு இறக்கை குடும்பக் காருக்குள் அடங்காமல் போகிற இடமும் ஏறத்தாழ அதுவேதான்.

அளவு கூடினால் பூட்டும் அதே விகிதத்தில் பெரிதானால் போதும் என்று நினைப்பது இயல்பு. இயற்பியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு விமானத்தை அப்படியே இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு ஆகிறது. அந்த எடையைத் தூக்கும் விசை இரண்டு மடங்கு தூரத்தில் செயல்படுவதால் இறக்கையின் வேரில் விழும் வளைப்பு 16 மடங்கு. அதைத் தாங்கும் குறுக்குவெட்டின் வலிமை 8 மடங்குதான் கூடும். ஆகவே அதே மரம், அதே உலோகம் இரண்டு மடங்கு அழுத்தத்தைச் சந்திக்கிறது. இதற்கு வரலாற்றிலேயே விலை உயர்ந்த சாட்சி உண்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் சாமுவேல் லாங்லி 1896 மே 6 அன்று பொட்டோமாக் நதியில் ஒரு படகு வீட்டின் கூரையிலிருந்து ஏவிய ஆளில்லா நீராவி விமானம், சுமார் 11 கிலோ எடையோடு ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்தது. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் நேரில் பார்த்தார். அதன் அமைப்பை ஏறக்குறைய நான்கு மடங்காக்கி, சார்லஸ் மேன்லியை உட்காரவைத்து, 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய நாள்களில் ஏவினார்கள். இரண்டு முறையும் விமானம் நேராக ஆற்றில் விழுந்தது. இரண்டாவது முறை பின்பக்கம் நொறுங்கியே போயிற்று. லாங்லி தரப்பு ஏவுகருவியைக் குறை சொன்னது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 1914-ல் கிளென் கர்டிஸ் அதே விமானத்தை எடுத்துப் பறக்கவிட்டபோது செய்த மாற்றங்களில் இறக்கையைத் தாங்கும் கம்பிப் பிணைப்பை மாற்றியமைத்ததும் ஒன்று. ஏவுகருவி மட்டுமே குற்றவாளி என்றால் அதற்குத் தேவை இருந்திருக்காது.

பெரிய மாதிரிகள் இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கக் கண்ட வழி குழாய். உடலின் குறுக்கே ஒரு அலுமினியக் குழாய் ஓடுகிறது. அதன் இரு முனைகளும் இரு இறக்கைகளுக்குள்ளும் வெகுதூரம் நுழைகின்றன. இறக்கைக்குள் அதை வரவேற்க, ஃபைபர் கண்ணாடியிலோ ஃபீனாலிக் எனும் பிசின் ஊறிய காகிதத்திலோ செய்த உறை காத்திருக்கிறது. பிற்காலத்தில் அலுமினியத்தின் இடத்தைக் கார்பன் ஃபைபர் பிடித்தது. லாஸ் வேகாஸில் 1974-ல் தொடங்கிய சாம்பியன்கள் போட்டி, முதல் முறை ஆஸ்திரியாவின் ஹானோ பிரெட்னர் வென்றது, காலப்போக்கில் இந்த வளர்ச்சிக்குப் பெரிய அரங்கமாயிற்று. அசல் விமானத்தின் 40 சதவீத அளவில், மூன்று மீட்டர் இறக்கையும் 150 சிசி எஞ்சினும் கொண்ட மாதிரிகள் அங்கே சாதாரணமாயின. அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 18 கிலோ விமானம், கூர்மையான திருப்பத்தில் எட்டு மடங்கு எடையைச் சுமக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு இறக்கையும் சுமார் 72 கிலோ விசையைத் தாங்குகிறது. அந்த விசையின் மையம் வேரிலிருந்து 65 செ.மீ. அளவு தள்ளி இருக்கும். ஒரு வளர்ந்த ஆளின் எடை, கையெட்டும் தூரத்தில். அத்தனையும் குழாயின் தலையில் விழுகிறது. குழாய் இறக்கைக்குள் எவ்வளவு ஆழம் போகிறதோ அந்த அளவுக்கு அதன் முனையில் மரத்தை அழுத்தும் விசை குறையும். அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர்கள் குழாயின் தடிமனைவிட நீளத்தில் தாராளம் காட்டுகிறார்கள்.

குழாய் வளைப்பைத் தாங்கும், ஆனால் சுழற்சியைத் தடுக்காது. உருண்டையான குழாயின் மேல் இறக்கை தாராளமாகத் திரும்பும். அதற்கென்று பின் விளிம்புக்கு அருகே ஒரு சிறு முளை உடலின் துளைக்குள் நுழைகிறது. இந்த முளையைப் பற்றி எழுதப்பட்டதைவிட இதனால் கெட்ட பறப்புகள் அதிகம். குழாயிலிருந்து 10 செ.மீ. தள்ளி முளை இருந்து, துளையில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், இறக்கையின் கோணம் அரை டிகிரிக்கு மேல் அலையும். 30 செ.மீ. தள்ளி வைத்தால் அதே ஆட்டம் கால் டிகிரிக்கும் குறைவு. இடது இறக்கையும் வலது இறக்கையும் அரை டிகிரி வேறுபட்டாலே விமானம் ஓயாமல் ஒரு பக்கம் உருளப் பார்க்கும். பெனோவின் வாரிசுகள் வேண்டுமென்றே நகர்த்திய இறக்கை, இங்கே வேண்டாமல் நகர்கிறது.

மூன்றாவது உறுப்பு, இறக்கை குழாயிலிருந்து வெளியே வழுக்கிப் போகாமல் பிடிக்கும் போல்ட். பெரும்பாலும் உடலுக்குள்ளிருந்து கையை விட்டு, இறக்கையின் வேர்ப் பலகையில் பதித்த நட்டில் முடுக்குவார்கள். இதன் மேல் விழும் சுமையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒன்றரைக் கிலோ இறக்கை, விநாடிக்கு ஒரு முழு உருளல் செய்யும்போது வெளியே இழுபடும் விசை மூன்றரைக் கிலோ அளவுதான். குழாய் சுமப்பது எழுபது, போல்ட் சுமப்பது மூன்றரை. மாட்டு வண்டியில் பாரத்தைத் தாங்குவது அச்சு, சக்கரம் வெளியே போகாமல் காப்பது கடையாணி; அந்தப் பங்கீடுதான் இங்கேயும். கடையாணி போன்றதென்பதால் அதன் ஆபத்தும் அதே வகை. குழாய் பலமில்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். போல்ட்டை முடுக்க மறந்தால், தரையில் எதுவும் தெரியாது; இறக்கை குழாயின் மேல் இறுக்கமாக உட்கார்ந்தபடியே இருக்கும், இழுத்துப் பார்த்தாலொழிய வித்தியாசம் புலப்படாது. விமானம் எழும்பும், திரும்பும், ஒருவேளை சில நிமிடங்கள் அழகாகவே பறக்கும். எஞ்சின் அதிர்வும் உருளல்களும் இறக்கையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெளியே தள்ளிய பிறகுதான் விஷயம் வெளிவரும்.

நைலான் போல்ட் விவாதம் இங்கேதான் சூடுபிடிக்கிறது. பழைய பழக்கத்தில் வந்தவர்கள் பெரிய விமானத்திலும் நைலானே போதும் என்பார்கள்: சுமை குறைவு, எடையும் குறைவு, தரையில் இறக்கை முனை இடித்தால் அறுந்து உடலைக் காப்பாற்றும். எதிர்த்தரப்பு கேட்பது, இந்த ‘அறுந்து காப்பாற்றும்’ நியாயம் எந்த விமானத்துக்குப் பிறந்தது என்று. ஒன்றரைக் கிலோ மாதிரி வயலில் விழுந்தால் நஷ்டம் அதைச் செய்தவருக்கு மட்டும். 18 கிலோ விமானத்தின் இறக்கை வானத்தில் கழன்றால் மீதி உடல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றிலும் ஆள்கள் நிற்கிறார்கள். என் கணிப்பில் இரண்டு தரப்பும் பாதி சரி. நைலானின் பலம் இங்கே பிரச்சினையே இல்லை. மூன்றரைக் கிலோவுக்கு அது தாராளம். பிரச்சினை, விழுந்தால் உடைய வேண்டும் என்ற பழைய நோக்கத்தைக் கடையாணி வேலை செய்யும் உறுப்பின் மேல் ஏற்றிவைப்பது. உடைய வேண்டிய உறுப்பு வேண்டுமென்றால் அதைச் சுழற்சி முளையில் வைக்கலாம், இறக்கையின் முனையில் வைக்கலாம். ஒரே போல்ட்டிடம் விழுந்தால் அறு, பறந்தால் அறாதே என்று இரண்டு கட்டளை போடுவது, முப்பதுகளின் பயத்தையும் எண்பதுகளின் பயத்தையும் ஒரே துளையில் முடுக்குவதாகும். வேகமாகப் பறக்கும் ஜெட் மாதிரிகளில் பலர் நைலானைக் கைவிட்டு உலோகத்துக்குப் போனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் முழு அளவு கிளைடர்களின் வரலாறு உதவுகிறது. வெர்சாய் ஒப்பந்தத்துக்குப் பின் எஞ்சின் விமானங்களுக்குத் தடை இருந்த ஜெர்மனியில், 1920-ல் ஓஸ்கர் உர்சினுஸ் முன்னின்று ரோன் மலையின் வாஸர்குப்பே உச்சியில் கிளைடர் போட்டிகள் தொடங்கின. எஞ்சினில்லாத விமானம் நீண்ட தூரம் போகக் கற்றுக்கொண்டதும், திரும்பிவர முடியாமல் ஏதோ ஒரு விவசாயியின் வயலில் இறங்குவது வாடிக்கையாயிற்று. டிரெய்லரோடு ஆள்கள் வந்து இறக்கைகளைக் கழற்றி ஏற்றிப் போக வேண்டும். இறக்கைக்குள் நீளவாட்டில் ஓடும் உத்தரங்களின் முனைகளை உடலுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக நுழைத்து, எஃகு முளைகளால் பூட்டும் முறை இந்தத் தேவைக்கென்றே மெருகேறியது. பூட்டு உடைந்து நடந்த விபத்துகளைவிட, பூட்டிய பிறகு, இறக்கையின் பின் விளிம்பில் அசையும் எயிலரான் போன்ற மடிப்புகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இணைக்க மறந்ததாலோ அரைகுறையாக இணைத்ததாலோ நடந்த விபத்துகள் கிளைடர் உலகத்துக்குப் பெரிய தலைவலியாயின. அதற்கு அவர்கள் கண்ட மருந்து உலோகத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. பூட்டும் வேலையை இடையில் நிறுத்தக் கூடாது, யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்கு. பூட்டாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஒருவர் எயிலரானைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் உள்ளே கட்டுப்பாட்டை அசைத்துப் பார்க்க வேண்டும். வெறுமனே எயிலரான் அசைகிறதா என்று பார்ப்பது போதாது என்பதைக் கற்க அவர்கள் உயிர்களைக் கொடுத்திருக்கிறார்கள். அரைகுறை இணைப்பு சுமையில்லாதபோது நன்றாகவே அசையும்.

மாதிரி விமானத்தில் ஆள் இல்லை, எனவே இந்த ஒழுங்கெல்லாம் மிகை என்று சொல்பவர்கள் உண்டு. எடை வரம்புகளே அதற்குப் பதில். அமெரிக்காவில் சாதாரண மாதிரிகளுக்கு 55 பவுண்டு, அதாவது 25 கிலோ எல்லை. இந்தியாவின் 2021 டிரோன் விதிகளும் மாதிரி விமானம் என்பதற்கு 25 கிலோவையே உச்சமாக வைக்கின்றன. பிரிட்டனில் அதற்கு மேற்பட்ட பெரிய மாதிரிகளை, கட்டும்போதே ஆய்வாளர் பார்த்து, சோதனைப் பறப்புகள் முடிந்த பிறகே பொதுவில் பறக்கவிடுகிறார்கள். விமானத்துக்குள் யாரும் இல்லாவிட்டாலும் கீழே இருக்கிறார்கள் என்ற கணக்கில் எழுந்த விதிகள் இவை. பெரிய மாதிரிகள் பூட்டும் முறையில் கிளைடரின் சின்னத் தம்பிகளாகிவிட்டதால், கிளைடரின் சரிபார்ப்பும் கூடவே வருவதுதான் நியாயம். அதைத் தனியே கழற்றிவிட்டு உலோகத்தை மட்டும் இரவல் வாங்க முடியாது.

மறதிக்குத் தொழில்நுட்பம் கொடுத்த பதில், தானாகச் சேரும் இணைப்பு. முன்பு இறக்கையைக் குழாயில் தள்ளுவதற்கு முன் எயிலரானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் ஒயரைப் பிளக்கில் தனியே சொருக வேண்டும். இடது வலது மாற்றிச் சொருகியவர்களும் உண்டு, சொருகவே மறந்தவர்களும் உண்டு. இப்போது உடலின் பக்கவாட்டிலும் இறக்கையின் வேரிலும் மல்டிபிளெக்ஸ் பச்சைப் பிளக் போன்றவற்றைப் பதித்துவிடுகிறார்கள். இறக்கை உட்காரும்போது மின் இணைப்பும் சேர்ந்தே உட்காரும். பெரிய ரேடியோ கிளைடர்களில் போல்ட்டுக்குப் பதிலாக ‘கிளிக்’ என்று கவ்விக்கொள்ளும் பந்துப் பூட்டுகளும் வந்துவிட்டன. ஆனால் தானியங்கி இணைப்பு ஒரு புது நிபந்தனை போடுகிறது: பதித்த பிளக் ஒரு மில்லிமீட்டர் கூடத் தவறிப்போகாமல் எதிர்ப்பக்கத்தோடு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் மிதக்கும்படி விடாமல் இறுக்கிப் பதித்தால், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பின்கள் வளைந்து, ஒரு நாள் தொடர்பு விட்டுவிடும். முன்பு கண்ணுக்குத் தெரிந்த ஒயர் இப்போது பலகைக்குள் மறைந்திருக்கிறது; கழன்றிருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே இந்த இணைப்பை நம்புகிறவர்கள் கூட, இறக்கையை மாட்டியதும் விமானத்தைத் தூக்கிவைத்து, ஒரு கையால் எயிலரானைப் பிடித்து அழுத்திக்கொண்டு மறுகையால் டிரான்ஸ்மிட்டர் குச்சியைத் தள்ளுகிறார்கள். பிறகு இறக்கை முனையைப் பிடித்து வெளிப்பக்கமாக ஒருமுறை பலமாக இழுத்துப் பார்க்கிறார்கள்.